மலையைப் பாருங்கள், ஊர் தெரியும்

இத்தாலியின் சிசிலித் தீவைக் காட்டும் பழைய பட அஞ்சலட்டைகளில் ஒரு காட்சி அடிக்கடி வரும்: கூம்புக் கூரை போட்ட கோபுரம், ஆறு இறக்கைகள், கீழே பாத்தி பாத்தியாக நீர். அட்டையில் ‘பலெர்மோ’ என்று இருந்தால் காற்றாலையும் அந்த ஊரில்தான் என்று நம்பிவிடுவோம். அது அச்சிட்டவரின் ஊராக இருக்கலாம். தபால் முத்திரையாகவும் இருக்கலாம். ஆலை நிற்பது, பெரும்பாலும், அங்கிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, திராபனி, மர்சாலா உப்பளங்களில். திராபனி உப்பு பழையது. பலெர்மோ அரசவையில் இருந்த அல் இத்ரிசி 1154இல் முடித்த புவியியல் நூலிலேயே அதைக் குறித்திருக்கிறார்.

ஆலையை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சாயல். பின்னணிதான் சாட்சி. சுமார் 750 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் எரிச்சே மலை தெரிந்தால் திராபனி. ஆழமில்லாத உப்பங்கழிக்கு அப்பால் தட்டையாக ஒரு தீவு கிடந்தால் அது மோட்சியா; ஆலை மர்சாலாவைச் சேர்ந்தது. (பலெர்மோவில் வாழ்ந்த ஜோசப் விட்டேக்கர் விலைக்கு வாங்கி, ஃபினீசியர் நகரைத் தோண்டியெடுத்த தீவு அது.)

அடுத்து இறக்கைகள். மரச்சட்டத்தில் துணி கட்டிய ஆறு இறக்கைகள் என்றால் டச்சு வகை. காற்றின் திசைக்கு ஏற்பக் கூரையையே திருப்புவார்கள். பல தகடுகள் கொண்ட இரும்புச் சக்கரமும் வாலும் இருந்தால் பின்னால் வந்த அமெரிக்க வகை. வாலே அதைக் காற்றுப் பக்கம் திருப்பிவிடும். சில ஆலைகள் உப்பை அரைத்தன. மற்றவை ஆர்க்கிமிடீஸ் திருகைச் சுழற்றிக் கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி ஏற்றின. ஆகவே ஆலையின் அடிவாரத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். திருகு தெரிந்தால் அதன் வேலையும் தெரிந்துவிடும்.

காலத்துக்கு அட்டையைத் திருப்ப வேண்டும். முகவரி மட்டுமே எழுத இடமிருந்தால் அது பழைய அச்சு. செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு போட்ட அட்டையை உலக அஞ்சல் ஒன்றியம் பொதுவாக ஏற்றது 1906இல், அதே இத்தாலியின் ரோம் மாநாட்டில்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் உப்புக் குவியல். தூத்துக்குடியில் அம்பாரத்தைப் பனையோலையால் மூடினார்கள். திராபனியில் சுட்ட ஓடு அடுக்குவார்கள். அங்கே உப்பு வாருவது கோடையில். மழைக்காலம் நெருங்கும்போது ஓடு ஏறும். வெள்ளையாகத் திறந்து கிடக்கும் குவியலும் கூடை சுமக்கும் ஆட்களும் படத்தில் இருந்தால், முத்திரை மங்கியிருந்தாலும் அறுவடைப் பருவத்தில் எடுத்த படம் என்று சொல்லிவிடலாம்.