பிறமொழி பயிலும் நெறி

தாய்மொழி இயல்பாக வந்து வாய்ப்பது. பிறமொழி முயன்று பெறுவது. பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையூர்களில் பிறந்த குழந்தைகள் தமிழைக் கற்பதற்கு எந்நூலையும் நாடுவதில்லை. ‘தண்ணீர்’ என்று சொல்லித் தாய் குவளையை நீட்டுகிறாள். சொல்லும் பொருளும் ஒருசேர உள்ளத்தில் பதிகின்றன. ஆங்கிலமோ அவர்களுள் பலருக்கு வகுப்பறையில் மட்டுமே ஒலிக்கும் மொழி. ஆதலால், அதனைப் பிழையின்றி எழுத வல்ல மாணவரும் பேசுவதற்கு வாய் திறவார். பிழைபட்டால் பிறர் நகைப்பரே என்னும் நாணம் அவர் நாவைக் கட்டிவிடுகிறது. கற்ற மொழி பயன்படாமற் போவதற்கு அறியாமையினும் இந்நாணமே பெருங்காரணமாகும்.

இக்கட்டினை அவிழ்க்கும் வழியை நெல்லைச் சீமையின் வரலாற்றிலேயே காணலாம். அயர்லாந்தில் 1814-ஆம் ஆண்டில் பிறந்த கால்டுவெல் 1838-இல் சென்னையை அடைந்தார். அங்கிருந்து அவர் தென்பாண்டி நாட்டிற்கு நடந்தே வந்தார். மக்களின் மொழியையும் வழக்கங்களையும் நேரிற்கண்டு அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. 1841-இல் இடையன்குடியில் தங்கிய அவர், அவ்வூராரோடு பழகித் தமிழைத் தம் மொழியாக்கிக் கொண்டார். 1856-இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அப்பயிற்சியின் பெரும்பயன். சாயர்புரத்தில் கல்விப்பணி ஆற்றிய போப்பையரும் இத்தகையவரே. 1839-இல் தமிழகம் போந்த அவர், மாணவர் எளிதிற் பயிலுமாறு வினாவிடை வடிவில் தமிழிலக்கணம் எழுதினார். 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பேச்சும் பழக்கமும் இவர்தம் கல்விக்குத் துணைநின்றன.

இந்நெறியை ஆங்கில வகுப்பிற்கும் கொணர்தல் இயலும். முதலாவது, சொல்லோடு செயலை இணைத்தல். ‘எழுந்து நில்’, ‘கதவைத் திற’ என ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவ, மாணவர் அவ்வாறே செய்வர். சில நாட்களுக்குப் பின் மாணவரே ஒருவரையொருவர் ஏவுவர். இதனால் பொருளை மொழிபெயர்த்து அறிய வேண்டிய தேவை குறைகிறது.

இரண்டாவது, விளையாட்டு. மேசையைக் கடையாகக் கொண்டு ஒருவன் அல்வா விற்க, மற்றொருவன் விலை கேட்டு வாங்கலாம். பேச்செல்லாம் ஆங்கிலத்திலேயே நிகழும். தமிழில் அந்தாதி இருத்தல் போல, ஒரு சொல்லின் ஈற்றெழுத்தை அடுத்த சொல்லின் முதலெழுத்தாக வைத்து, ‘புக்’, ‘கைட்’, ‘எக்’ எனத் தொடுத்துச் செல்லலாம். சொல்வளம் பெருகுவதோடு எழுத்துக்கூட்டும் திறனும் வளரும்.

மூன்றாவது, அறிந்த பொருளைப் பற்றிப் பேசுதல். காணாத பனிமலையைப் பற்றிப் பேசச் சொன்னால் பொருளும் புதிது, சொல்லும் புதிது, மாணவன் திகைப்பான். பத்தமடைப் பாய் நெய்யப்படும் வகையைச் சொல்லச் சொன்னால், கோரையை அறுத்தல், உலர்த்தல், நீரில் ஊறவைத்தல், சாயம் ஏற்றுதல், நெய்தல் ஆகிய யாவும் அவன் கண்டவை. சொல்லை மட்டும் தேடினால் போதும்.

நான்காவது, ஒருவர்க்கொருவர் கற்பித்தல். இது நம் நாட்டிற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் எழுதிப் பழகினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நாட்டுப்பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் இது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்திலும் பரவியது. ஆசிரியர் முன் அஞ்சும் மாணவன் தோழனிடம் அஞ்சாமல் பேசுவான் அன்றோ?

இம்முறைகள் யாவும் பயன்தர வேண்டுமாயின், பேசுபவனை இடையில் மறித்துத் திருத்துதல் கூடாது. அவன் பேசி முடித்தபின், பலர்க்கும் பொதுவான பிழைகளை எடுத்து, எவர் பெயரையும் சுட்டாமல் ஆசிரியர் விளக்குதல் வேண்டும். உடன்பயில்வோர் நகைத்தல் பெருங்குற்றம் என உணர்தல் வேண்டும். இலக்கணம் வேண்டாததன்று, நா பழகியபின் வரும் இலக்கணமே நன்கு விளங்கும். கரையில் நின்றுகொண்டே பொருநையில் நீந்தக் கற்றவர் யாருளர்?

பிறமொழி பயில்வதால் தாய்மொழிப் பற்றுக் குறையும் என்று அஞ்ச வேண்டா. கால்டுவெல்லும் போப்பையரும் தமிழைக் கற்று அதன் சிறப்பைத் தம் மொழியில் உலகிற்கு உரைத்தனர். ஆங்கிலத்தைக் கற்ற தமிழ் மாணவர், தம் நாட்டின் நலங்களைப் பிறர் அறிய அம்மொழியில் எடுத்துரைத்தல் வேண்டும். அதற்கு முதற்படி, இன்று வகுப்பில் நாணமின்றி ஒரு தொடர் பேசுதலே ஆகும்.