சுரங்க நகரின் பள்ளிகள்

கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்கே, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பொறுப்பேற்றது முதல் 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, சுமார் 800 டன் தங்கம் வெட்டி எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றது. தங்கத்தின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதே மண்ணில் கல்வி வேரூன்றிய வரலாறோ பரவலாக அறியப்படவில்லை. தங்கம் நின்றுபோன பின்னர் இந்நகர மக்கள் நம்பி வாழும் முதலீடு கல்விதான் என்பதால், அவ்வரலாறு கருதத் தக்கதாகும்.

தொடக்கக் காலம்

1894-இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. இந்தியாவில் மிக முன்னதாகவே பேரளவில் மின்வசதி பெற்ற இடங்களுள் தங்கவயலும் ஒன்று. எனினும், கல்வி வசதி அனைவருக்கும் ஒரே காலத்தில் கிட்டவில்லை. 1901-இல் நந்திதுர்கம் சுரங்கப் பகுதியில் நிறுவனம் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, ஐரோப்பிய ஊழியர்களின் குழந்தைகளுக்கானது. 1904-இல் தார்ப் நகர் புனித சூசையப்பர் சபைக் கன்னியர், ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினர். அதில் முதலில் சேர்ந்தவர் 22 பேர்.

வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியோர் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு அப்பள்ளிகளின் கதவு திறந்திருக்கவில்லை.

தொழிலாளரின் முயற்சி

இக்குறையைக் களையும் பணியில் தொழிலாளர் சமூகத்தினர் தாமே ஈடுபட்டனர். அயோத்திதாசப் பண்டிதரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர்கள் 1907 அளவில் மாரிக்குப்பத்தில் தென்னிந்திய பௌத்த சங்கக் கிளையை அமைத்தனர். சாம்பியன் ரீஃபிலும் இவ்வியக்கம் பரவியது. பண்டிதர் சென்னையில் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1926-இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராக இருந்தார். சித்தார்த்தா அச்சகம் நூல்களை வெளியிட்டது. சுரங்கத்தில் உழைத்தோர் வாழ்ந்த ஓர் ஊரில் அச்சகமும் இதழும் நிலைபெற்றன என்பது, எழுத்தறிவின்மேல் அவர்கள் வைத்த மதிப்பைக் காட்டும்.

பின்னர்ப் பள்ளிகளும் பெருகின. ராபர்ட்சன்பேட்டையில் புனித தெரசா பள்ளியும், கோரமண்டலில் புனித செபஸ்தியார் பள்ளியும் தோன்றின. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வது இக்காலத்தில் வழக்கமாயிற்று.

படிப்பின்மேல் கொண்ட பற்று

பெற்றோர் படிப்பை வற்புறுத்தியதற்கு வலுவான காரணம் இருந்தது. கல்தூசியை நெடுநாள் சுவாசிப்பதால் நுரையீரலைத் தாக்கும் சிலிக்கோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலாக 1947-இல் கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்தே தெரிவிக்கப்பட்டது. ஆழம் கூடக் கூடப் பாறை வெடிப்பு விபத்துகளும் அச்சுறுத்தின. தந்தை இறங்கிய சுரங்கத்தில் மகன் இறங்க வேண்டாம் என்ற எண்ணமே பல குடும்பங்களில் பள்ளிக் கட்டணமாகவும் புத்தகமாகவும் வடிவெடுத்தது.

அச்சுரங்கமே அறிவியல் ஆய்வுக்கும் இடமளித்தது. சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களுடன் இணைந்து, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். 1964-இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தங்கவயலில் தன் தொழிற்சாலையை அமைத்தபோது, தொழிற்கல்வி பெற்ற இளைஞர்களுக்கு ஊரிலேயே மாற்று வேலை உருவாயிற்று.

விளையாட்டு

கால்பந்து, வளைகோற்பந்து, குத்துச்சண்டை ஆகியவற்றில் தங்கவயல் பெயர் பெற்றிருந்தது. சுரங்க நிர்வாகம் அமைத்த மைதானங்களும் போட்டிகளும் இதற்குத் துணைநின்றன. இம்மண்ணிலிருந்து வந்த ஓட்ட வீரர் கென்னத் பவல், 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் ஓடினார். 1965-இல் அர்ஜுனா விருது பெற்றார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அணியிலும் இடம்பெற்றார். நிர்வாகத்தின் ஆதரவு நின்ற பின் இத்தகைய மைதானங்களைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பது இன்று எழும் வினாவாகும்.

மொழிச் சிக்கல்

தங்கவயல் மக்களுள் பெரும்பாலோரின் வீட்டுமொழி தமிழ். மாநில மொழி கன்னடம். உயர்கல்வியின் மொழி ஆங்கிலம். உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே முதல் மொழியாக வேண்டும் என்று கோகாக் குழு 1981-இல் பரிந்துரைத்தபோது, சிறுபான்மை மொழியினரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தங்கவயலிலும் அது வெளிப்பட்டது. மாநில அரசுப் பணிக்குக் கன்னடம் இன்றியமையாதது. தாய்மொழிக் கல்வியும் குழந்தையின் உரிமை. இவ்விரண்டையும் இணைப்பது ஆசிரியர் நியமனத்தையும் பாடநூல் வழங்கலையும் பொறுத்ததாகும்.

மூடலுக்குப் பின்

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஊருக்குச் சம்பளம் தந்த ஊற்று வற்றியது. ஆயினும் ஊர் காலியாகவில்லை. 1894-இல் அமைந்த பாதை வழியே, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அவர்களுக்கு அந்த வேலையைத் தேடித் தந்தது பள்ளியில் பெற்ற சான்றிதழே. பள்ளி இறுதித் தேர்வில் தவறியோர்க்கு அன்றாடக் கூலியே கதியாகிறது. நெடும்பயணத்தின் செலவும் அக்கூலியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

எனவே தங்கவயலின் தேவை இருவகைப்படும். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்துவோரைத் தடுத்து, தொழிற்பயிற்சியில் சேர்த்தல் ஒன்று. பயிற்சி பெற்றவருக்கு ஊரருகிலேயே வேலை அளிக்கும் தொழில்களை உருவாக்குதல் மற்றொன்று. இரண்டாவது கைகூடாதவரை, தங்கவயலின் பள்ளிகள் வேறு ஊர்களுக்கான உழைப்பாளரை உருவாக்கும் இடங்களாகவே இருந்துவரும்.