உங்களுக்குத் தெரியுமா? பேஸ்லைன் வீதியிலிருந்து பீதுருதலாகல வரை

◆ தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி என்று கிருலப்பனை வரை ஓடுகிற பேஸ்லைன் வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஆயிரக்கணக்கு. பேஸ்லைன், அதாவது அடிக்கோடு, சர்வேயர்மாரின் தொழிற்சொல். ஒரு நாட்டை அளக்கப் புறப்படுகிறவர் முதலில் ஒரே ஒரு நேர்கோட்டை உயிரைக் கொடுத்து அளப்பார். அதற்குப் பிறகு நாடாவுக்கு வேலை குறைவு, கோணங்களை அளந்தால் போதும். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே வந்துவிடும். வந்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. உயர்தர இணைந்த கணிதத்தில் பிள்ளைகள் அலுத்துக்கொண்டு படிக்கும் சைன் விதிதான் இவ்வளவுக்கும் ஆதாரம்.

◆ இலங்கையின் முக்கோண வலைக்கு அடிக்கோடு ஒன்றல்ல, இரண்டு. நீர்கொழும்புப் பக்கம் கண்டவலயில் ஒன்று, மட்டக்களப்பில் மற்றது. மேற்கில் அளந்த கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக் கிழக்குக் கரைக்கு வந்து, அங்கே நிலத்தில் அளந்த நீளத்தோடு ஒப்பிடுவார்கள். வரும் வித்தியாசம்தான் வலையின் பிழை. நாடா பிடிக்க யாருக்கும் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். பிடித்த அளவில் எவ்வளவு பிழை இருக்கிறது என்று இலக்கத்தில் சொல்லப் பழகத்தான் நாலு வருஷப் பட்டம்.

◆ அந்தப் பட்டத்துக்கு எங்கே போவது? பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் புவித்தகவல் பீடம். சூரியவெவயில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம். தியத்தலாவையில் நில அளவை, படமாக்கல் நிறுவகம். தெமட்டகொடைப் பிள்ளை எதற்குத் தெரிவானாலும் பெட்டி கட்டத்தான் வேண்டும். மலையும் பள்ளமும் காற்றும் இல்லாத இடத்தில் இந்தப் படிப்பைப் படித்து என்ன பயன் என்பது என் கட்சி.

◆ இரும்பு நாடா வெயிலில் நீளும். நாடாவை 20 பாகை செல்சியசுக்குச் சரிபார்த்திருப்பார்கள். கொழும்பு வெயிலில் அதன் சூடு 35 பாகைக்கு ஏறினால் 30 மீட்டர் நாடா சுமார் 5 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நாடா நீண்டால் வாசிப்பு குறையும். காணி விற்பவருக்கு அது நட்டம்!

◆ பூமி உருண்டை என்பது விண்வெளிக்குப் போனால்தான் தெரியும் என்றில்லை. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் கிடையாகப் பார்த்தாலே தரை உங்கள் பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 78 மில்லிமீட்டர் கீழே வளைந்துவிடும். காற்று ஒளியைக் கொஞ்சம் வளைத்து அதில் ஏழில் ஒரு பங்களவைத் திருப்பித் தருகிறது. மட்டமளக்கும்போது கருவியை இரண்டு கோல்களுக்கும் நடுவில் வைக்கச் சொல்லி முதலாம் வருஷத்திலேயே அடித்துச் சொல்வது இதற்காகவும்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிழை வந்து தானாகக் கழிந்துவிடும்.

◆ வெள்ளவத்தைக் கடற்கரையில் அலை காலை நனைக்க நிற்கிறீர்கள். சர்வேயரின் ஜி.பி.எஸ். கருவி நீங்கள் நிற்கும் உயரத்தை, திருத்தம் எதுவும் செய்யாமல், என்னவென்று காட்டும்? பூச்சியம் இல்லை. மைனஸ் 90 மீட்டருக்கும் மைனஸ் 100 மீட்டருக்கும் இடையில் ஏதோ ஓர் இலக்கம்!

கருவி பழுதில்லை. செய்மதிகள் உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமிக்குப் பதிலாகக் கணிதக்காரர் வைத்திருக்கும் வழுவழுப்பான, துருவங்களில் சற்றுத் தட்டையான ஓர் உருவத்திலிருந்து அளக்கின்றன. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டது. பூமியின் உள்ளே பொருள் எல்லா இடமும் ஒரே சீராக இல்லை என்பதால், அந்த மட்டம் நசுங்கிய உருளைக்கிழங்கு போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அதில் உலகிலேயே ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உண்டு: சுமார் 106 மீட்டர். இலங்கை முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் கிடக்கிறது. கப்பலில் போகிறவருக்கு எந்த இறக்கமும் தெரியாது, ஏனென்றால் தண்ணீர்மட்டமும் குமிழ்மட்டமும் அதே ஈர்ப்புக்குத்தான் பணிகின்றன.

இது வெறும் வேடிக்கை இல்லை. தெமட்டகொடைக் கால்வாய் போன்ற தட்டையான வாய்க்காலில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதை முடிவு செய்வது ஈர்ப்பு, செய்மதி இல்லை. ஜி.பி.எஸ். தந்த உயரத்தைத் திருத்தாமல் வடிகால் போட முடியாது. புவிப்பரப்பளவையியல் பாடத்தில் மாணவர் அதிகம் முழிக்கும் இடமும் இதுதான்.

◆ இலங்கையின் வரைபடங்களுக்கு மையப்புள்ளி பீதுருதலாகல உச்சிப் பக்கம், நாட்டின் மிக உயர்ந்த இடம், 2,524 மீட்டர். ஆனால் மையத்துக்குப் பூச்சியம் கொடுத்தால் கொழும்பு மைனஸில் போய்விடும். அதனால் பழைய முறையில் அந்தப் புள்ளிக்குக் கிழக்காக 2,00,000 மீட்டர், வடக்காக 2,00,000 மீட்டர் என்று வைத்தார்கள். 1999இன் புதிய முறையில் அதையே 5,00,000, 5,00,000 ஆக்கினார்கள்.

தெமட்டகொடை அந்தப் புள்ளிக்கு ஏறத்தாழ 99 கிலோமீட்டர் மேற்கே, 7 கிலோமீட்டர் தெற்கே. பழைய இலக்கத்தில் கிழக்கு 1,01,000 அளவில் வரும், புதியதில் 4,01,000 அளவில். முறையைக் கவனிக்காமல் பழைய இலக்கத்தைப் புதிய வரைபடத்தில் போட்டால் உங்கள் ஆறு பேர்ச் காணி மேற்கே 300, தெற்கே 300 கிலோமீட்டர் நகர்ந்து நடுச்சமுத்திரத்தில் விழும். பிழை இவ்வளவு பெரிதாக இருப்பது ஒரு வசதி. ஐந்து மீட்டர் தள்ளி விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

◆ முதலாவது நில அளவையாளர் நாயகம் சர்வேயரே இல்லை. 1800 ஓகஸ்ட் 2இல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் இலங்கையின் நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கியபோது அந்தக் கதிரையில் அமர்ந்தவர் ஜோசப் ஜோன்வில், இயற்கையியல் படித்த பிரெஞ்சுக்காரர். பிரித்தானிய ஆட்சியில் அப்படியும் நடந்தது.

◆ பேர்ச் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் எட்மண்ட் கன்டர் 1620இல் வகுத்த சங்கிலியின் நீளம் 66 அடி, 100 கண்ணி. அதில் கால் பங்கு பதினாறரை அடி. பதினாறரைக்குப் பதினாறரை அடிச் சதுரம் ஒரு பேர்ச், 272¼ சதுர அடி. 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்துக்காரர் இதற்குள் தங்கள் பரப்பைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டார்கள்: 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். கம்பஸில் எல்லாம் மீட்டர், ஹெக்டேயர். பட்டம் முடித்து வெளியே வந்து முதல் காணிக்குப் போனால் அம்மா ஒருவர் கேட்பார்: “தம்பி, இது எத்தனை பேர்ச் வரும்?” சதுர மீட்டரை 25.29ஆல் பிரிக்கத் தெரியாத பட்டதாரிக்கு அங்கே மரியாதை இல்லை.

◆ தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் மோதிய கருவி ஒன்று உண்டு. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனின் தியோடலைட் அது, எடை அரை டன். 1808இல் உயரத்துக்கு ஏற்றும்போது கயிறு போய், மோதிய வேகத்தில் கருவியின் வட்டம் நெளிந்தது. லாம்டன் அதைத் தாமே வாரக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்கு எடுத்தார். சமதரையான டெல்டாவில் தூரம் பார்க்க மலை இல்லை. கோயில் கோபுரம்தான் மலை. அந்த அளவையில் லாம்டனுக்குப் பின் வந்த ஜோர்ஜ் எவரெஸ்ட், பூமியின் பருமனுக்கு 1830இல் தந்த எண்கள்தான் இலங்கையின் பழைய வரைபட முறையான கண்டவல முறைக்கும் அடிப்படை. சிகரத்துக்குப் பெயரானவரும் இவரே.

◆ சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரி தொடங்கியது பொறியியலுக்காக இல்லை. 1794இல் மைக்கல் டொப்பிங் கோட்டைக்கு அருகே எட்டுப் பையன்களோடு நடத்திய சர்வே பள்ளிக்கூடம் அது.

◆ வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் வீடு வாங்கியவருக்கும் சர்வேயர் தேவை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் கொண்டொமினியம் பிளான் பதிவானால்தான் அதற்குத் தனி உறுதி முடிக்கலாம். காணியை நீள அகலத்தில் மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, ஆகாயத்தில் ஒரு துண்டுக்கு எல்லை போடுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். காலி வீதிக் கரையில் தமிழர் சொத்து பெரும்பாலும் இப்போது இந்த மாதிரித்தான்.

◆ பட்டம் கிடைத்த மறுநாளே கல்லு நாட்ட முடியாது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி நில அளவைப் பேரவையில் பதிந்து அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். சகோதரங்கள் பிரிவினை வழக்குப் போட்டால் நீதிமன்றம் ஒரு சர்வேயருக்குத்தான் ஆணை கொடுத்து அனுப்பும். அன்றைக்கு அவர் நீதிமன்றத்தின் ஆள். வேலி ஓரத்தில் நின்று பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் வேறு வேறு மாமரத்தைக் காட்டி எல்லை சொல்வார்கள். அவர் இரண்டையும் பிளானில் குறித்து, யார் காட்டியது என்று அறிக்கையில் எழுத வேண்டும். எந்த மரம் எல்லை என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். இந்த அடக்கத்தைப் பரீட்சையில் கேட்பதில்லை.

◆ நில அளவைத் திணைக்களம் தந்த எழுத்தாளர் ஆர். எல். புரோஹியர் (1892–1980). பழைய குளங்களையும் வாய்க்கால்களையும் பற்றி மூன்று பாகங்களில் எழுதிய சர்வேயர். இலங்கையின் நில அளவை வரலாற்றுக்கும் அவருடைய புத்தகம்தான் முதலில் கைக்கு வரும். காடு மேடெல்லாம் அரசாங்கச் செலவில் சுற்றியவருக்கு எழுதக் கிடைக்காதா என்று பொறாமைப்படலாம், மற்றவர்களும் சுற்றினார்கள்.

◆ 1:50,000 அளவில் இலங்கை முழுவதும் 92 தாள்கள். ஒவ்வொன்றும் நிலத்தில் 40 கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர். நாரஹேன்பிட்டி கிருல வீதியில் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கிறது, தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதியாலேயே போகலாம். உங்கள் ஊர்த் தாள் எதுவென்று கேட்டு வாங்குங்கள்.