தகவல் கசிந்தால் நஷ்ட ஈடு யாருக்கு?

நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்பவர் இன்று பங்குத் தொகையுடன் ஆதார் நகலையும், வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதற்பக்கத்தையும், கைப்பேசி எண்ணையும் கொடுக்கின்றார். பயிர்க்கடன் கோரும் விவசாயி பட்டா, சிட்டா, அடங்கலையும் சேர்த்தே கொடுக்க நேர்கிறது. முன்னாளில் சங்கப் பேரேட்டைக் களவாட விரும்புபவன் அலுவலகப் பூட்டை உடைத்தல் வேண்டும். கணினியில் ஏறிய பேரேடோ இருந்த இடத்திலேயே இருக்க, அதிலுள்ள விவரங்கள் மட்டும் ஓசையின்றி வெளியேறிவிடக்கூடும்.

2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன்பின் மசோதாக்கள் வருவதும் வாபஸாவதுமாக ஆறாண்டுகள் கழிந்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கிய ஷரத்துக்கள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே அமுலுக்கு வருமென அறிவிக்கப்பட்டது.

இச்சட்டத்தில் நன்மைகள் உண்டு. நமது சம்மதத்தைக் கேட்டு விவரம் பெறுவோர், எதற்காகப் பெறுகின்றனர் என்பதை அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பைத் தமிழிலேயே படிக்கும் வசதியையும் அளித்தல் வேண்டும். பிழையைத் திருத்தவும் நாம் கோரலாம். ஆயின் அதிலுள்ள குறை சிறியதன்று.

தக்க பாதுகாப்புச் செய்யாமல் தகவலைக் கசியவிட்ட நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அத்தொகை முழுவதும் இந்திய சர்க்காரின் தொகுப்பு நிதியைச் சேரும். விவரம் பறிபோய், அதனால் கணக்கிலிருந்த பணத்தையும் இழந்த நெசவாளிக்கு இச்சட்டத்தின் கீழ் ஒரு காசும் கிடையாது. ஆடு களவுபோனவன் முறையிட, அபராதம் கஜானாவுக்குப் போயிற்று. ஆட்டுக்காரனுக்குக் கயிறும் மிஞ்சவில்லை!

முன்பு நிலைமை இவ்வாறில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, கம்பெனியின் அசட்டையால் நஷ்டமடைந்தவருக்கு ஈடு கோர வழி வைத்தது. புதிய சட்டம் முழுமையாக அமுலாகும்போது அப்பிரிவு நீங்குகிறது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி 2018-இல் அளித்த நகல் மசோதாவில் நஷ்ட ஈட்டுக்கு இடமிருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023-இல் அது விடப்பட்டதற்கு நியாயம் ஏதும் நமக்குப் புலப்படவில்லை. மாறாக, பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுக்கும் குடிமகனுக்குப் பதினாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டென்று எழுதி வைத்துள்ளனர்! எழுத்தறிவு குறைந்த அங்கத்தினர் இதைக் கேள்வியுற்ற பின் புகார் கொடுக்கத் துணிவாரா?

சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு மத்திய சர்க்கார் அறிக்கை வாயிலாக விலக்களிக்கும் அதிகாரமும் மிக விரிவானது; அதற்கும் வரம்பு தேவை.

இடையே நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிட வேண்டும். இச்சட்டம் கணினியில் ஏறிய விவரங்களுக்கே பொருந்தும். அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் காகித நகல்கள் அதன் காவலுக்கு உட்பட்டவை அல்ல. பழைய காகிதத்தோடு அவை எடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது காரியதரிசிகளின் கடமை.

இது மத்தியச் சட்டமாதலால் திருத்த வேண்டியது பார்லிமெண்டே. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு அளிக்கும் ஷரத்தைச் சேர்க்கவும், அது சேரும்வரை 43-ஏ பிரிவை நீக்காதிருக்கவும் கோரித் தீர்மானம் நிறைவேற்றி, தத்தம் தொகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம்.