கல்லா மேசையில் மணி பிளாண்ட்: வளர்க்கும் முறையும் காக்க வேண்டிய எச்சரிக்கையும்

நம் கடைவீதிகளில் மளிகைக் கடை ஏறி இறங்குபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கல்லாவுக்கு மேலே சாமி படம். மேசை ஓரத்தில் எலுமிச்சம்பழம் மிதக்கும் கண்ணாடி டம்ளர். அதன் பக்கத்தில் ஒரு பாட்டிலில் மணி பிளாண்ட் கொடி. பெயரிலேயே பணம் இருப்பதால் வியாபாரிகளுக்கு இதன்மேல் தனிப் பிரியம். கேட்டு வாங்கி வைத்தால் வளராது, கேளாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் தழைக்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு. கடை வாசலில் கொடியைத் தொங்கவிட்டவர்கள் அதன் நுனி அவ்வப்போது காணாமல் போவதை அறிவார்கள்!

கொடி வைத்தால் பணம் வருமா என்ற வாதத்துக்குள் நாம் போகவில்லை. அதைக் கொள்முதலும் விற்பனையும் தீர்மானிக்கும். ஆசையாக வைத்த செடி நன்றாக வளர வேண்டும். அதனால் கடைக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது. இதுவே நம் கவலை.

எங்கள் கடையில் நடந்தது

சென்ற மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் கொசு ஒழிப்பு ஆய்வுக்காக எங்கள் கடைக்கு வந்தார். பின்கட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், மூடியிருந்தது. தேங்காய்த் தொட்டி, பழைய டப்பா எதுவும் இல்லை. திரும்பிப் போகும்போது கல்லா மேசையில் இருந்த மணி பிளாண்ட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்தன. பல மாதங்களாக நாங்கள் தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றி வந்தோமே தவிர, ஒரு நாளும் முழுவதுமாகக் கொட்டி மாற்றியதில்லை.

அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் கடைப்பையன் டெங்குக் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்திருந்தான். அந்தக் கொசு எங்கள் பாட்டிலில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த தேங்கிய நீரே அதற்குப் பிடித்தமான இடம். கடிப்பதும் பெரும்பாலும் பகலில், அதாவது கடை திறந்திருக்கும் நேரத்தில். நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. பாட்டிலின் உட்புறத்தைப் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வாரம் ஒரு முறை என்று ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கல்லாவைத் துடைத்துப் பூஜை போடுபவர்கள் அன்றே இதையும் செய்யலாம். எலுமிச்சம்பழ டம்ளரையும் மறக்க வேண்டாம். பாட்டில் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சை இறுக அடைத்துவிட்டால் கொசு உள்ளே நுழையாது.

பாட்டிலைவிடத் தொட்டி மேல்

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் செடியை மண் தொட்டிக்கு மாற்றிவிடலாம். செம்மண், மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கலந்தால் போதும். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் அதுவும் கொசுவுக்கு இடம்; அவ்வப்போது கொட்டிவிடுங்கள்.

புதுச் செடிக்குக் கொடியின் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கணுவில்தான் வேர் பிடிக்கும். கணு இல்லாத இலையைத் தண்ணீரில் போட்டால் கொடி வராது. பாட்டிலில் வேர் விரல் நீளம் வந்ததும் மண்ணில் நடலாம்.

தண்ணீரில்தான் பலர் தவறுகிறார்கள். அன்பு மிகுந்து தினமும் ஊற்றினால் வேர் அழுகி இலைகள் மஞ்சளாகும். ஆள்காட்டி விரலை மண்ணில் ஒரு கணு அளவு நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு மேலே தொட்டியைத் தொங்கவிடாதீர்கள். சொட்டும் நீர் ஒரு சிப்பத்தையே பூஞ்சணம் பிடிக்க வைத்துவிடும்.

எங்கே வைப்பது?

இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா என்னும் சிறு தீவு. வெப்பமும் ஈரமும் உள்ள காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி இது. ஆகவே நிழல் பழக்கம், இருட்டு பழக்கமல்ல. பகலில் விளக்குப் போடாமல் நாளிதழ் படிக்க முடிகிற இடமாக இருந்தால் சரி. வெளிச்சம் குறைந்தால் இலையின் மஞ்சள் வரிகள் மங்கி வெறும் பச்சையாகும். மேற்கு வெயில் நேரே பட்டால் இலை கருகும். குளிர்பானப் பெட்டியின் பின்புறத்து வெப்பக் காற்றும் ஆகாது. தொங்கவிட்டால் இலை சிறுக்கும். கம்பைப் பற்றி ஏறவிட்டால் இலை பெருக்கும்.

மிளகாய்த்தூள், மாவு, சாம்பிராணிப் புகை எல்லாம் நம் கடைச் செடியின்மேல்தான் படிகின்றன. வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும்.

வாயில் வைக்கக் கூடாது

சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் எந்தக் குடும்பமோ, மணி பிளாண்டும் அதே குடும்பம். கருணையை அரியும்போது கை அரிப்பது ஏன் என்று நமக்குத் தெரியும். அந்த ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். கடைப் பூனைக்கும் இதே கதைதான். எனவே சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய பிறகு கையைக் கழுவாமல் தின்பண்டத்தைத் தொட வேண்டாம்.

காற்றைச் சுத்தமாக்கும் என்கிறார்களே?

1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வறிக்கையிலிருந்து வந்த நம்பிக்கை இது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை, சாளரம் வழியே காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. அத்தனை செடி வைத்தால் சரக்குக்கு இடம் ஏது? ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதே லாபம்.

இந்தக் கொடி தானாகப் பூப்பது மிக அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பரெலின் என்ற பொருளை உண்டாக்குவதில் இதற்குள்ள குறையே காரணம் என்று 2016-ல் கண்டறிந்தார்கள். விதை இல்லாததால் ஒருவர் வெட்டிக் கொடுத்து மற்றவர் நட்டுத்தான் இது ஊர் ஊராகப் பரவியது. ஆகவே அடுத்த கடைக்காரர் கேட்டால் கணுவோடு ஒரு துண்டு மனமாரக் கொடுங்கள். கொடுக்கும்போது, வாரம் ஒரு முறை பாட்டிலைத் தேய்த்துக் கழுவவும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் பாட்டிலை இன்றே ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.