பேழையும் உட்பகையும்

காக்க வேண்டிய பொருள் இன்னது, அதற்குப் பகை இன்னது என்று துணிந்த பின்னரே காக்கும் பேழையைத் தேடுதல் முறை. ஓலைச்சுவடியைப் போற்றிய நம் முன்னோர் அம்முறை அறிந்தவர். ஏடுகளை இரு மரச்சட்டங்களுக்கு இடையே அடுக்கிக் கயிற்றாற் கட்டினர், துணியிற் பொதிந்தனர், காலந்தோறும் எண்ணெய் பூசினர். சட்டம் ஏட்டை வளையாது காத்தது; துணி தூசியைத் தடுத்தது; எண்ணெய் வெடிப்பையும் பூச்சியையும் விலக்கிற்று. ஒவ்வொரு பகைக்கும் ஒவ்வொரு காப்பு.

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இந்நெறியே நிலவிற்று. தேயிலை ஈரத்தை விரைந்து உறிஞ்சுவது. ஆதலின் ஒட்டுப்பலகைப் பெட்டியின் உட்புறத்தே உலோகத்தாள் விரித்து, விளிம்புகளைத் தகரப் பட்டையால் இறுக்கிக் கப்பலேற்றினர். தேயிலைக்கு வாய்த்த அக்காப்பு, அதனைக் கொய்த கைகளுக்கு உரிய காகிதங்களுக்கு வாய்க்கவில்லை. லயத்து அறையில் அவை கிடந்த இடம் ‘றங்குப் பெட்டி’ எனப்படும் தகரப் பெட்டியே.

அக்காகிதங்களின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டுமோ? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமை வேண்டியோர், 1946 சனவரி 1க்கு முன் மணமானவராயின் 7 ஆண்டும், ஏனையோராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நிலையாக வாழ்ந்தோர்க்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் வழி திறந்தது. இன்னாரின் மகன் இன்னார் என்பதற்குச் சான்று, செல்லரித்த ஒரு பிறப்புப் பத்திரமாக இருந்த குடும்பங்கள் பல. மாணவரைச் சேர்க்கும் நாட்களில், ஈரத்தால் ஒட்டிய தாள்களைப் பெற்றோர் அஞ்சியஞ்சிப் பிரிப்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன்.

இந்நாளில் வன்மையான பிளாஸ்டிக் பேழைகள் கடைகளில் உள. மலையகப் பாடல்களைத் திரட்டப் புறப்படும் இளைஞர் தம் கமராவுக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் இவற்றை நாடுகின்றனர். வாங்குவோர் நான்கினை நோக்குக. மூடியைச் சுற்றி இறப்பர் வளையம் இடையறாது அமைந்துள்ளதா? கொக்கி இறுகப் பற்றுகின்றதா? காற்றைச் சமன்செய்யும் அடைப்பான் உண்டா? ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரமுள்ள அப்புத்தளையில் இறுக மூடிய பேழை, 680 மீற்றர் அளவினதான பதுளைக்கு வந்ததும் வெளிக்காற்றின் அழுத்தத்தால் எளிதில் திறவாது போகலாம், அதற்கே அடைப்பான். நான்காவது, தரக்குறி. ‘ஐ.பி. 67’ எனின் தூசி புகாது. ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். கருவிக்கு உள்ளே மெத்தென்ற பஞ்சணை வேண்டும். காகிதத்துக்கு அது வேண்டா, தட்டையான உறையே போதும்.

ஆயினும் பேழையின் வன்மை புறப்பகைக்கே மருந்து. வள்ளுவர் உட்பகையை உரைக்குமிடத்துச் செப்பையும் அதன் மூடியையும் உவமை காட்டினார்; பொருந்தியிருப்பது போலத் தோன்றினும் உள்ளே கூடாமையைக் குறித்தார். இறுக மூடிய பேழைக்கும் உட்பகை உண்டு. அஃது ஈரம். மாரிக்காலத்து ஈரக்காற்றோடு மூடினால், நீரைப் புகவிடாத அந்த வளையமே ஈரத்தை வெளியேறவும் விடாது. பூஞ்சணம் அங்கே குடிபுகும். கமராக் கண்ணாடியும் அதற்குத் தப்பாது. தகரப் பெட்டிக்கோ இரவுக் குளிரில் உட்சுவர் வியர்த்தலும் துருவும் மேலும் இரண்டு பகை.

ஆதலின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியொன்றை உள்ளே வைத்தல் நன்று. அது நிறைந்தபின் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் வீசும் வறண்ட காற்றே இம்மலைத் தேயிலைக்கு மணம் ஊட்டுவது. அக்காலத்திற் பேழையைத் திறந்து, ஏடுகளை நிழலில் ஆற்றி, உலர்ந்த நண்பகலில் மூடுக. பத்திரங்களைச் சூட்டினால் பிளாஸ்டிக் தாளுக்குள் ஒட்டிவிடும் வழக்கத்தையும் கைவிடுக. பின்னர்ப் பிரித்தெடுத்தல் அரிது.

இறுதியாக ஒன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மலையே வீழுமிடத்து எப்பேழையும் உதவாது. ஆதலின் பேழை ஒரு கையால் தூக்கத்தக்க அளவினதாய், கதவருகே இருத்தல் வேண்டும். எச்சரிக்கை கேட்டதும் உயிரோடு உடன்வருவதற்கு அஃது இடையூறாகலாகாது. பத்திரங்களின் உறுதிப்படுத்திய படிகள் வேறோர் ஊரில், நம்பத்தக்க உறவினர் இல்லத்திலும் இருக்கட்டும். படி வேறிடத்து இருக்குமாயின், பேழையை விட்டு ஓடுவதற்கும் நெஞ்சு துணியும்.