பலர் எழுதும் கணக்கு

ஒன்றோடு ஒன்றைக் கூட்டுவது கணக்குகளுள் மிக எளியது. பள்ளி செல்லாச் சிறுவனும் விரல் மடக்கி அதனைச் செய்துவிடுவான். ஆயினும், ஒரு நொடியில் இருநூறு கோடிக்கு மேற்பட்ட முறை துடிக்கும் கணிப்பொறிகள் இந்த எளிய கூட்டலில் சிக்கித் தடுமாறின என்றால் நம்புவது அரிது. கூட்டும் திறம் இன்மையால் அவை தடுமாறவில்லை. ஒரே கணக்கைப் பல கைகள் ஒரே வேளையில் எழுத முற்பட்டமையே அதற்குக் காரணம்.

கணிப்பொறியில் நாம் இயக்கும் நிரல்கள் நினைவகத்தையோ வட்டையோ தாமாகவே எடுத்தாளுவதில்லை. வேண்டுவார்க்கு வேண்டியவற்றை அளந்து கொடுத்து, வேலை முடிந்தபின் மீட்டுக்கொள்ளும் தலைமை நிரல் ஒன்று உண்டு. அதனை இயங்குதளம் என்றும், அதன் நடுப்பகுதியைக் கெர்னல் என்றும் கூறுவர். பின்லாந்து நாட்டில் மாணவராய் இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய கெர்னல்களுள் ஒன்று. கெர்னல் ஓயாது கணக்கு எழுதும் இயல்புடையது. வட்டில் எத்தனை கட்டங்கள் காலியாக உள்ளன, வலைவழியே எத்தனை செய்திப் பொதிகள் வந்தன, இந்தக் கோப்பை இப்பொழுது எத்தனை பேர் கையாளுகின்றனர் என்றெல்லாம் அது குறித்துக்கொண்டே இருக்கும். நினைவகத்தில் அமைந்த இவ்வெண்களைக் கவுண்டர் என்பர். நாம் கணக்கு என்றே வழங்குவோம்.

கணிப்பொறியில் செயலி ஒன்றே இருந்த காலத்தில் இக்கணக்குகளால் பெருந்தொல்லை இல்லை. பின்னர்ச் செயலிகள் பலவாயின. லினக்ஸ் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த தன் 2.0ஆம் பதிப்பிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை ஆளக் கற்றுக்கொண்டது. தனிச் செயலி ஒன்றின் வேகத்தை மேன்மேலும் உயர்த்துவது அரிதாகவே, ஒரே சில்லில் பல செயலிகளை வைக்கும் வழக்கம் பரவிற்று. நூற்றுக்கு மேற்பட்ட செயலிகளை உடைய பொறிகள் இன்று அருமையானவை அல்ல.

செயலிகள் பெருகியதும் முதலில் தோன்றிய இடர் யாது? கணக்கில் 7 என்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு செயலி அதனைப் படிக்கிறது, ஒன்று கூட்டுகிறது, 8 என்று எழுதப் போகிறது. அது எழுதுமுன் மற்றொரு செயலியும் வந்து அதே 7ஐப் படித்துவிடுகிறது. இரண்டும் 8 என்றே எழுதுகின்றன. நிகழ்ச்சிகள் இரண்டு, ஏறியதோ ஒன்று. இப்பிழை எப்பொழுதாவதுதான் நேரும். எப்பொழுதாவது நேரும் பிழையே கண்டுபிடிக்க அரியது.

இதற்கு மருந்து எளிது. படித்தல், கூட்டல், எழுதுதல் ஆகிய மூன்றையும் இடையே பிறர் புக இயலாதவாறு ஒரே செயலாகச் செய்யும் கட்டளை செயலிகளிலேயே உண்டு. அதனைக் கையாண்டால் கணக்குப் பிழைபடாது. ஆனால் விரைவு போய்விடுகிறது. அஃது ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

ஊர்ப் பொதுவில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடைபெறுகிறது. அதற்கு நாற்பத்தெட்டு வாயில்கள். வாயிலுக்கு ஒரு காவலர். உள்ளே வருவோரைக் குறிக்க ஒரே ஒரு குறிப்பேடுதான் உண்டு. முதல் வாயிலில் ஒருவர் நுழைந்தால் அக்காவலர் ஏட்டில் ஒரு கோடு இழுக்கிறார். அடுத்தவர் முப்பதாம் வாயிலில் நுழைகிறார். ஏட்டை அங்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கோடு இழுக்க ஒரு நொடி. ஓடுவதற்குப் பல நிமிடம். வாயில்களைப் பெருக்கப் பெருக்கக் கூட்டம் விரைந்து நுழைவதற்கு மாறாக, எல்லா வாயில்களிலும் மக்கள் ஏட்டுக்காகக் காத்து நிற்பர்.

செயலிகளிடத்தும் இவ்வாறே நிகழ்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் அருகிலேயே கேஷ் என்னும் சிறு நினைவகம் உண்டு. எண்கள் பொது நினைவகத்திலிருந்து அதற்குப் பெரும்பாலும் 64 பைட் கொண்ட வரிகளாக வரும். ஒரு செயலி ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால், பிற செயலிகளிடம் உள்ள அவ்வரியின் படிகள் எல்லாம் முதலில் செல்லாதனவாக ஆக்கப்படும். எனவே எல்லாரும் திருத்தும் வரி ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்கு ஓயாது ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வோட்டத்தின் விலை சிறிதன்று. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் 48 செயலிகள் கொண்ட பொறி ஒன்றை அளந்தனர். தன் அருகிலுள்ள கேஷைத் தொட ஒரு செயலிக்கு 3 துடிப்புகள் போதும்; மிகத் தொலைவில் உள்ள நினைவகத்தைத் தொட 503 துடிப்புகள் வேண்டியிருந்தன.

அவ்வாய்வாளர் ஏழு நிரல்களை அப்பொறியில் இயக்கிப் பார்த்தனர். ஒன்று நீங்கலாக ஏனைய ஆறும் கெர்னலுக்குள்ளேயே முட்டுப்பட்டன. முட்டுப்பட்ட இடங்களுட் சில இத்தகைய கணக்குகள். ஒரு கோப்பைத் திறக்கும்பொழுது, அதற்குச் செல்லும் வழியிலுள்ள அடைவுகளின் கணக்கில் ஒன்று ஏற்றி, வேலை முடிந்ததும் ஒன்று இறக்குவது அந்நாளைய லினக்ஸின் வழக்கம். ஒரு செயலி ஒருவருக்கு வந்த அஞ்சலைத் திறக்கும். மற்றொன்று வேறொருவருடைய அஞ்சலைத் திறக்கும். இவ்விரு வேலைகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் இரண்டும் மேலே உள்ள ஒரே அடைவின் கணக்கைத் தொட்டாக வேண்டும். தொடர்பற்ற வேலைகளைத் தொடர்புபடுத்தித் தடுத்தது அந்தச் சிறு எண்தான்.

இனித் தீர்வைப் பார்ப்போம். வாயில்தோறும் ஒரு தனிச் சீட்டுக் கொடுத்துவிட்டால் என்ன? ஒவ்வொரு காவலரும் தம் சீட்டிலேயே குறித்துக்கொள்வார்; ஓட்டம் இல்லை, காத்தல் இல்லை. மொத்தம் வேண்டும்பொழுது எல்லாச் சீட்டுகளையும் கூட்டிக்கொள்ளலாம். செயலிதோறும் தனிக் கணக்கு என்னும் இம்முறை லினக்ஸில் பல இடங்களில் உண்டு. இங்கே ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். முதல் வாயிலில் நுழைந்தவர் பத்தாம் வாயில்வழியே வெளியேறலாம். அப்பொழுது பத்தாம் வாயிற் சீட்டில் கழித்தல் ஐந்து என்றுகூட இருக்கும். அது பிழையன்று. தனிச் சீட்டுக்குப் பொருளில்லை. கூட்டுத்தொகைக்கே பொருள் உண்டு.

தனிக் கணக்குகளை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எண் ஒன்றுக்கு 8 பைட் எனின், 64 பைட் வரியில் எட்டு எண்கள் அடங்கும். எட்டுச் செயலிகளின் கணக்குகளை அடுத்தடுத்து ஒரே வரியில் வைத்துவிட்டால், எட்டுக் காவலரின் சீட்டுகளையும் ஒரே அட்டையில் ஒட்டிக் கொடுத்தது போலாகும். சீட்டுகள் வேறாயினும் அட்டை ஒன்றே. ஓட்டம் மீண்டும் தொடங்கிவிடும். நிரல் எழுதுவோர் தேர்ந்தவராயினும் இக்குழியில் விழுவதுண்டு.

மொத்தத்தை எப்பொழுதாவது கேட்பார் உளராயின் இம்முறை போதும். வந்த பொதிகளின் தொகையை நாளுக்குச் சில முறை பார்ப்பவருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் சில கணக்குகளை அடிக்கடி படிக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு முறையும் நாற்பத்தெட்டு சீட்டுகளைத் தேடிக் கூட்டுவது புதிய சுமையாகும். ஆகவே லினக்ஸில் இடைப்பட்ட முறை ஒன்று அமைந்தது. நடுவில் ஒரு பொதுக் கணக்கு. செயலிதோறும் ஒரு தனிக் கணக்கு. தனிக் கணக்கு ஓர் அளவை எட்டியதும் அதனை மொத்தமாகப் பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டு, மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு 32 அல்லது செயலிகளின் எண்ணிக்கையில் இருமடங்கு, இவற்றுள் எது பெரிதோ அது. 48 செயலிகள் எனின் 96. நூறு முறை பொது ஏட்டைத் தேடி ஓடிய இடத்தில் இப்பொழுது ஏறத்தாழ ஒரு முறை ஓடினால் போதும்.

இதற்கு ஈடாக நாம் இழப்பது என்ன? பொதுக் கணக்கு இனி முற்றும் மெய்யன்று. செயலி ஒவ்வொன்றும் 96க்குக் குறைவான நிலுவையைத் தன்னிடம் வைத்திருக்கலாம். ஆகவே பொதுக் கணக்கு 96ஐ 48ஆல் பெருக்கிய 4608 வரை மேலோ கீழோ பிறழ்ந்திருக்கக்கூடும். வட்டின் கட்டம் ஒன்று 4096 பைட் எனக் கொண்டால், இப்பிறழ்ச்சி ஒரு கோடியே எண்பத்தெட்டு இலட்சம் பைட் ஆகும். 256 செயலிகள் உள்ள பொறியிலோ அது ஐம்பத்து மூன்று கோடி பைட்டையும் கடக்கும்.

இவ்வளவு பிறழ்ச்சியைப் பொறுக்கலாமா? கணிப்பொறியை அறியாத கணக்கரும் இங்கே நல்ல விடை கூறுவார். களஞ்சியத்தில் பல்லாயிரம் மூட்டை இருக்கும்பொழுது, பத்து மூட்டை கேட்டு வந்தவனுக்காக எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பார் இல்லை. களஞ்சியம் வற்றும்பொழுதுதான் ஒவ்வொரு மூட்டையையும் எண்ண வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்-4 என்னும் கோப்பமைப்பு இதனையே செய்கிறது. வட்டில் இடம் ஏராளமாக இருக்கையில் பொதுக் கணக்கை மட்டும் பார்த்து இசைவு தருகிறது. கேட்ட அளவு போக எஞ்சுவது, மேலே கண்ட பிறழ்ச்சியைப் போல் நான்கு மடங்குக்கும் குறைவாகத் தோன்றினால், அதாவது நம் 48 செயலிப் பொறியில் 18,432 கட்டங்களுக்குக் குறைந்தால், எல்லாச் செயலிகளின் கணக்குகளையும் கூட்டி மெய்த்தொகையை அறிந்தபின்னரே விடை கூறுகிறது. இவ்விழிப்பு வேண்டாத ஒன்றன்று. எக்ஸ்ட்-4 முதலில் இடம் உண்டு என்று உறுதி கூறிவிட்டு, வட்டில் எழுதுவதைப் பின்னர்ச் செய்யும் வழக்கமுடையது. அவ்வுறுதி பொய்த்தால், எழுதிவிட்டோம் என்று நம்பியவர் தம் செய்தியை இழப்பார்.

இதனினும் நுட்பமான கணக்கு ஒன்று உண்டு. நினைவகத்தில் உள்ள ஒரு பொருளை இப்பொழுது எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பதே அது. அத்தொகை பூச்சியம் ஆனதும் கெர்னல் அப்பொருளை நீக்கி அவ்விடத்தைப் பிறர்க்குக் கொடுக்கும். ஒருவர் உள்ளே இருக்கும்பொழுதே மண்டபத்தைப் பூட்டி வேறொருவர்க்கு வாடகைக்கு விட்டால் என்ன ஆகும்? அத்தகைய கேடே கெர்னலிலும் நேரும். பொறி நின்றுபோகலாம், தீயோர் உட்புகவும் அதுவே வாயிலாகலாம். இக்கணக்கில் ஆயிரத்துக்கும் ஆயிரத்தொன்றுக்கும் இடையே வேறுபாடு வேண்டுவதில்லை. ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் இடையே ஐயம் ஒரு சிறிதும் இருத்தலாகாது.

முன்னர்க் கூறிய ஆய்வாளர் 2010இல் புதிதாக வகுத்த முறை ஒன்று இதற்கு உதவிற்று. தம் முறைக்கு அவர்கள் ‘ஸ்லாப்பி கவுண்டர்’, அதாவது ஒழுங்கு தளர்ந்த கணக்கு, என்று நகைச்சுவையாகப் பெயரிட்டனர். பெயர்தான் அவ்வாறு; முறை ஒழுங்கானது. காவலரிடம் சீட்டுக்கு மாறாக வில்லைகள் இருப்பதாக எண்ணுங்கள். நுழைபவர்க்கு ஒரு வில்லை கொடுப்பர். வெளியேறுபவரிடம் திரும்பப் பெறுவர். பெற்றதை உடனே நடு அலுவலகத்துக்கு அனுப்பாமல், அடுத்து நுழைபவர்க்கென வைத்துக்கொள்வர். கையில் வில்லை தீர்ந்தால் நடுவிலிருந்து வாங்குவர். மிகுந்துவிட்டால் திருப்பி அனுப்புவர். நடு ஏட்டில் உள்ள தொகை எப்பொழுதும் உள்ளே இருப்போர் கையிலுள்ள வில்லைகளும் காவலரிடம் எஞ்சியுள்ள வில்லைகளும் சேர்ந்ததே. ஆகவே அது மெய்த்தொகையினும் மிகலாம், ஒருபோதும் குறையாது. பிழைத்தால் காப்பின் பக்கமாகவே பிழைக்கும்.

2013ஆம் ஆண்டில் கெண்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் லினக்ஸில் சேர்த்த முறை இன்னும் எளிது. பொருளுக்கு உரியவர் தாமும் ஒரு பயனாளராகக் கணக்கில் நிற்கிறார். அவர் நிற்கும்வரை தொகை பூச்சியம் ஆகாது. ஆகவே பூச்சியமா என்று பார்க்க வேண்டிய தேவையே அதுவரை இல்லை. செயலிகள் தத்தம் கணக்கில் விரைவாக எழுதிக்கொண்டிருக்கலாம். உரியவர் பொருளை மூட முடிவுசெய்ததும், தனிக் கணக்குகள் யாவும் ஒரே கணக்காகத் திரட்டப்படும். அதன்பின் எல்லாரும் பழைய வழியில் அந்த ஒரே எண்ணைக் குறைத்துச் செல்வர். கடைசியில் செல்பவர் பூச்சியத்தைக் காண்பார். விரைவு வேண்டிய காலத்தில் விரைவும், துல்லியம் வேண்டிய காலத்தில் துல்லியமும் இவ்வாறு கிடைக்கின்றன.

குறை ஒன்று எஞ்சியது. தனிக் கணக்கு ஒவ்வொன்றும் இடத்தை விழுங்கும். கணக்கு ஒன்றுக்கு 4 பைட் எனினும், 256 செயலிகளுக்கு 1024 பைட் ஆகிறது. கெர்னலில் உள்ள இலட்சக்கணக்கான சிறு பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் இதனைக் கொடுத்தல் இயலாது. பொருளினும் அதன் கணக்குப் பெரிதாகிவிடும். 2013இல் அதே தொழில்நுட்பக் கழகத்தார் ‘ரெஃப்கேஷ்’ என்னும் முறையை வெளியிட்டனர். அதில் செயலி ஒவ்வொன்றிடமும் அளவான சிறு பட்டியல் ஒன்றே இருக்கும். தான் அண்மையில் தொட்ட பொருள்களின் ஏற்ற இறக்கங்களை மட்டும் செயலி அதில் குறித்துவைத்துக் காலந்தோறும் பொதுக் கணக்கில் செலுத்தும். பொதுக் கணக்குப் பூச்சியம் ஆகிவிட்டது என்று கண்டாலும் பொருள் உடனே நீக்கப்படுவதில்லை. எல்லாச் செயலிகளும் தத்தம் நிலுவையைச் செலுத்தி முடிக்கும்வரை அது காத்திருக்கும். அப்பொழுதும் கணக்கு இடையில் மாறாது பூச்சியமாகவே நின்றிருந்தால், அதன்பின்னரே அப்பொருளின் இடம் பிறர்க்குத் தரப்படும்.